ஸ்டாட்ஸ், கெமிஸ்ட்ரி, எகனாமிக்ஸ்: மூணு எம்பிரிக்கல் அசைன்மென்டையும் தாண்டி வந்த கதை

ஒருவழியா மூணு கோர்ஸ்லயும் சப்மிட் பண்ணியாச்சு. ஸ்டாட்ஸ், கெமிஸ்ட்ரி, எகனாமிக்ஸ்னு மூணுலயும் ஒரே செமஸ்டர்ல எம்பிரிக்கல் கணக்கு, அதாவது நிஜமா அளந்த டேட்டாவை வச்சுப் போடுற கணக்கு வந்துச்சு. ஃபார்முலா எல்லாம் ஒரு வரிதான், அதுல யாரும் மாட்ட மாட்டாங்க. என்னைப் போட்டு அலைக்கழிச்சது அதுக்கு முன்னாடி வர்ற வேலை, அதாவது கையில குடுத்த டேட்டா அந்த ஃபார்முலாவுக்குள்ள உட்காருமாங்கிறது. இதே பேப்பர் எடுக்கப் போறவங்களுக்கு உதவட்டும்னு எழுதுறேன், ஆத்தாமை இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு, அதுவும் கூடவே வரும்.

ஸ்டாட்ஸ்ல வந்தது எம்பிரிக்கல் ரூல். சராசரிக்கு ரெண்டு பக்கமும் ஒரு எஸ்டிக்குள்ள (ஸ்டாண்டர்ட் டீவியேஷன், டேட்டா சராசரியில இருந்து எவ்வளவு சிதறியிருக்குங்கிற அளவு) 68%, ரெண்டுக்குள்ள 95%, மூணுக்குள்ள 99.7%, இது எல்லாருக்கும் மனப்பாடம். கேள்வி என்னன்னா, கவுண்டர்ல காத்திருக்கிற நேரம் சராசரி 12 நிமிஷம், எஸ்டி 15 நிமிஷம், 68% பேர் எவ்வளவு நேரம் காத்திருப்பாங்க. 12ல 15 போனா மைனஸ் 3. மைனஸ் 3 நிமிஷம் எவன் காத்திருப்பான்? எஸ்டி சராசரியை விடப் பெருசா இருக்கு, நேரம் சைபருக்குக் கீழ போகவும் முடியாது, அப்படின்னா வலது பக்கம் வால் நீண்டு கிடக்கிற டேட்டான்னு பார்த்த உடனே தெரியுது. அதனால இந்த ரூல் இங்க செல்லாது, அது நார்மலுக்கு, அதாவது மணி வடிவத்துல பரவின டேட்டாவுக்கு மட்டும்தான்னு எழுதிட்டு செபிஷெவ் விதியைப் போட்டேன். டேட்டா எந்த வடிவத்துல இருந்தாலும் ரெண்டு எஸ்டிக்குள்ள குறைஞ்சது 75% இருந்தே ஆகணும், மூணுக்குள்ள 88.9%. ஆக குறைஞ்சபட்சம் 75% பேருக்கு 42 நிமிஷத்துக்குள்ள காத்திருப்பு முடியும்.

திருத்தினவர் சைபர் போட்டுட்டாரு. ஆன்சர் கீயில மைனஸ் 3 முதல் 27 வரைன்னு இருக்காம், கீயில இருக்கிறதுதான் விடையாம். நேர்ல போய்க் கேட்டதுக்கும் அதே பதில். வாயால பேசிப் பிரயோஜனம் இல்லைன்னு ரா டேட்டாவை எடுத்து ஹிஸ்டோகிராம் போட்டு, 27 நிமிஷத்துக்குள்ள எத்தனை பேர்னு எண்ணிக் காட்டினேன், 68% வர வேண்டிய இடத்துல 88% நின்னுச்சு. அந்தப் படத்தைப் பார்த்ததும் மறுபேச்சு இல்லாம மார்க் போட்டாங்க. ரீவேல்யூவேஷன் கேட்கிறவங்க ஆர்க்யூமென்டோட போகாதீங்க, எண்ணிக்கையோட போங்க. இன்னொன்னு, எக்செல்ல எஸ்டிக்கு ரெண்டு ஃபங்ஷன் இருக்கு, கடைசில எஸ் இருக்கிறது சாம்பிளுக்கு, பி இருக்கிறது முழு பாப்புலேஷனுக்கு. சின்ன சாம்பிள்னா விடையே மாறிடும், எதைப் போட்டீங்கன்னு எழுதிடுங்க.

கெமிஸ்ட்ரியில எம்பிரிக்கல் ஃபார்முலா, அதாவது ஒரு பொருள்ல இருக்கிற அணுக்களோட எளிய விகிதம். பேப்பர்ல சதவீதம் குடுத்துக் கேட்கிறது சுலபம், கார்பன் 40.0, ஹைட்ரஜன் 6.7, ஆக்சிஜன் 53.3 வந்தா 1:2:1, மோலார் மாஸ் (ஒரு மோலோட எடை) 180னா குளுக்கோஸ் மாதிரி ஒண்ணு, 60னா அசிட்டிக் ஆசிட் மாதிரி ஒண்ணு. ஒரே ஒரு எச்சரிக்கை, ரேஷியோ 2.5னு வந்தா அதை 2ன்னோ 3ன்னோ ரவுண்ட் பண்ணிடாதீங்க. பாஸ்பரஸ் 43.6, ஆக்சிஜன் 56.4 போட்டுப் பாருங்க, 1:2.5 வரும், ரெண்டால பெருக்கி 2:5ன்னு எழுதணும்.

லேப்தான் படுத்தி எடுத்துடுச்சு. மெக்னீசியம் ரிப்பனை க்ரூசிபிள்ல (சூடு தாங்குற சின்னக் கிண்ணம்) எரிச்சு ஆக்சைடோட ஃபார்முலா கண்டுபிடிக்கணும். 0.243 கிராம் மெக்னீசியம், அதாவது 0.0100 மோல், முழுசா ஆக்சைடானா 0.403 கிராம் வரணும். மூடியை அப்பப்போ லேசாத் தூக்கி காத்து விட்டு, வெள்ளைப் புகை வெளிய போகாம பார்த்து, எடை மாறாம நிக்கிற வரைக்கும் சூடு பண்ணியும் 0.385லயே நின்னுடுச்சு. ஆக்சிஜன் 0.142 கிராம்தான், 1:1 வர வேண்டிய மெக்னீசியம்-ஆக்சிஜன் ரேஷியோ 1:0.89. லேப்ல இருந்தவரு "ஒண்ணுன்னு ரவுண்ட் பண்ணிடுப்பா, எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க"ன்னாரு. எனக்கு மனசு ஒப்பல. எடை மேல ஏறாம நின்னாச்சுன்னா எரியாத மெக்னீசியம் மிச்சம் இல்லைன்னு அர்த்தம், அப்ப உள்ள வேற ஏதோ உருவாகியிருக்கணும்ல?

காத்துல பெரும்பங்கு நைட்ரஜன். அந்தச் சூட்டுல மெக்னீசியம் அதோடயும் சேர்ந்து நைட்ரைடு ஆயிடும், அதே அளவு மெக்னீசியம் பூரா நைட்ரைடானா எடை 0.336தான், அதனாலதான் கலவையோட எடை குறைச்சலாக் காட்டுது. இதுக்கு வழியும் இருக்கு: க்ரூசிபிளை நல்லா ஆற விட்டு, சில சொட்டு தண்ணி விட்டு, மறுபடி மெதுவா ஆரம்பிச்சு பலமா சூடு பண்ணணும். நைட்ரைடு தண்ணியோட சேர்ந்து அமோனியாவை வெளிய விட்டு ஹைட்ராக்சைடா மாறும், சூட்டுல அது ஆக்சைடாயிடும். எங்களுக்குக் குடுத்த ஷீட்ல இந்த ஸ்டெப்பே இல்லை! தண்ணி விட்டு சூடு ஏற ஆரம்பிச்சதும் சுருக்குனு அமோனியா வாடை வந்துச்சு பாருங்க, அன்னைக்கு அதை விட நல்ல வாசனை எனக்கு எதுவும் இல்லை. கடைசி எடை 0.401, ரேஷியோ 1:0.99. இதை ரவுண்ட் பண்ணா யாரும் கேள்வி கேட்க முடியாது. தண்ணி விடும்போது க்ரூசிபிள் சூடா இருக்கவே கூடாது, விரிசல் விட்டுத் தெறிக்கும், பாதுகாப்புக் கண்ணாடி போடாம கிட்ட போகாதீங்க.

எகனாமிக்ஸ் வேற மாதிரி. மாசாமாசம் ஒரு பொருளோட விலை, வித்த அளவு, மழை அளவு குடுத்து டிமாண்ட் எலாஸ்டிசிட்டி, அதாவது விலை மாறினா வாங்குற அளவு எவ்வளவு மாறும்னு கண்டுபிடிக்கச் சொன்னாங்க. ஃபைலோட கோட்புக் (எந்தக் குறிக்கு என்ன அர்த்தம்னு சொல்ற விளக்கக் குறிப்பு) வரலை. வித்த அளவு இருக்கிற வரிசையில அங்கங்க 9999, அது விவரம் இல்லைங்கிறதுக்குப் போட்ட குறியா நிஜமாவே வித்த அளவான்னு கேட்டு மெயில் போட்டா "டேட்டாவைப் பார்த்து முடிவு பண்ணுங்க"ன்னு ஒரு வரி. மத்த மாசமெல்லாம் முன்னூறு நானூறுல இருக்கும்போது அது நிஜ அளவா இருக்க வழியே இல்லை, எடுத்துட்டேன், எடுத்ததை ரிப்போர்ட்லயும் எழுதினேன்.

அப்புறம் விலைக்கும் அளவுக்கும் லாக் எடுத்து ரெக்ரஷன் (புள்ளிகளுக்குப் பொருந்துற கோடு) போட்டா விலையோட கோஎஃபிஷியன்ட், அதாவது அந்தக் கோட்டோட சாய்வு பிளஸ்ல வருது, விலை ஏறினா ஜனங்க கூட வாங்குறாங்களாம். டிராஃப்ட் பார்த்தவங்க "சைன் தப்பு, திரும்பப் போடு"ன்னு மட்டும் எழுதித் திருப்பி அனுப்பினாங்க, ஏன்னு ஒரு வார்த்தை கிடையாது. திரும்பப் போட்டாலும் அதேதான வரும், கம்ப்யூட்டர் கணக்கைச் சரியாத்தான் போடுது. சந்தையில நாம பார்க்கிற ஒவ்வொரு விலையும் டிமாண்டும் சப்ளையும் வெட்டிக்கிற புள்ளி, ரெண்டு கோடும் நகர்ந்துக்கிட்டே இருக்கு, புள்ளிகளை இணைச்சா எந்தக் கோடு கிடைக்கும்னு சொல்லவே முடியாது. பிலிப் ரைட்ங்கிற பொருளாதார அறிஞர் 1928லயே தாவர எண்ணெய், மிருகக் கொழுப்புக்கான இறக்குமதி வரி பத்தின புத்தகத்தோட பின்னிணைப்புல இதுக்கு வழி சொல்லிட்டாரு: சப்ளையை மட்டும் அசைக்கிற ஒண்ணைப் பிடி, அது அசையும்போது புள்ளிகள் டிமாண்ட் கோட்டு மேலயே நகரும். மழை அளவு ஏன் குடுத்தாங்கன்னு அப்பதான் உறைச்சது. மழையை இன்ஸ்ட்ருமென்டா (சப்ளையை மட்டும் அசைக்கிற அந்த ஒண்ணா) வச்சுப் போட்டதும் சைன் மைனஸுக்கு வந்துடுச்சு, மழை விலையை எவ்வளவு பலமா அசைக்குதுன்னு காட்டுற ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் எஃப் மதிப்பும் வழக்கமா பார்க்கிற 10ஐத் தாண்டுச்சு. அந்த எஃப் மதிப்பை மறக்காம போடுங்க, இன்ஸ்ட்ருமென்ட் வீக்கா இருந்தா மைனஸ் வந்தும் அதை நம்ப முடியாது. மழை நேரடியா வாங்குறவங்களையும் பாதிக்கிற பொருளா இருந்தா, உதாரணத்துக்குக் குடை, இந்த வழி உதவாது, அதையும் ஒரு பாரா எழுதிடுங்க, வைவால முதல் கேள்வியே அதுதான் வந்துச்சு.

கோட்புக் இன்னைக்கு வரைக்கும் வரலை. அடுத்த பேட்ச்ல எடுக்கிறவங்க டேட்டா கைக்கு வந்த அன்னைக்கே எழுத்துல கேட்டு வச்சுக்கோங்க, பதில் வராட்டியும் கேட்ட மெயிலை ரிப்போர்ட்டோட கடைசியில இணைச்சிடுங்க, எனக்கு 9999க்கு மார்க் வெட்டாம விட்டது அந்த ஒரு மெயிலைப் பார்த்துதான்.