அட்டைகள் சொன்ன கணக்கும் காது சொன்ன கணக்கும்

ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜே.எல்.பி.டி.யின் நான்காம் நிலையில் நான் வாங்கியது 180க்கு 105. தேர்ச்சிக்கு 90 போதும். ஆனாலும் நான் தேறவில்லை.

ஜே.எல்.பி.டி. எழுதப்போகிறவர்கள் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டிய விதி இது. நான்காம் நிலையில் சொல்லறிவு, இலக்கணம், வாசிப்பு ஆகிய மூன்றுக்கும் சேர்த்து 120 மதிப்பெண். அதில் குறைந்தது 38 எடுக்க வேண்டும். கேட்டல் பகுதிக்கு 60. அதில் குறைந்தது 19 எடுக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் மொத்த மதிப்பெண் காப்பாற்றாது. முதல் பகுதியில் எனக்கு 88 வந்திருந்தது. கேட்டலில் 17.

தோற்றதைவிட வேறொன்றுதான் என்னை அதிகம் உறுத்தியது. ஓராண்டு முழுக்க என் முன்னேற்றத்தை நோட்டில் எழுதி வைத்திருந்தேன். பார்த்து முடித்த சொல் அட்டைகள் 1,140. இடைவிடாமல் படித்த நாட்கள் 212. உட்கார்ந்த மணிநேரம் தனி. அந்த நோட்டின் எந்தப் பக்கமும் என்னை எச்சரிக்கவில்லை.

நான் ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். இயந்திரம் எத்தனை மணிநேரம் ஓடியது என்பதை வைத்து அங்கே யாரும் சரக்கை வெளியே அனுப்ப மாட்டார்கள். மாதிரி எடுத்து அளப்போம். தவறிய பாகங்களைத் தனியே வைத்து, ஏன் தவறியது என்று காரணம் எழுதுவோம். வேலையில் தினமும் செய்வதை என் படிப்பில் நான் ஒருநாளும் செய்யவில்லை. எவ்வளவு உழைத்தேன் என்பதை எழுதினேனே தவிர, அந்த உழைப்பால் என்ன செய்ய வந்தது என்பதை அளக்கவே இல்லை.

தமிழருக்கு இதில் இன்னொரு மயக்கமும் உண்டு. ஜப்பானிய இலக்கணம் நமக்கு வியப்பூட்டும் அளவுக்கு எளிதாக வரும். வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் வரும். 'தபெதெ மிரு' என்றால் 'சாப்பிட்டுப் பார்'. 'மிரு' என்பதற்கே பார் என்றுதான் பொருள். 'யொந்தெ ஒகு' என்றால் 'படித்து வை'. 'ஒகு' என்றால் வை. ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்கள் விதியாக மனப்பாடம் செய்வதை நாம் பேச்சாகவே பிடித்துக்கொள்கிறோம். அதனால் பாடப் பக்கங்கள் வேகமாக ஓடும். பக்கங்கள் ஓடுவதையே நான் முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டேன்.

தேர்வு முடிவு வந்த வாரமே அட்டைகளை வேறு முறையில் சோதித்தேன். எழுத்தைப் பார்க்காமல், ஒலியை மட்டும் ஒருமுறை கேட்டு மூன்று வினாடிக்குள் பொருள் சொன்னால்தான் அந்தச் சொல் கணக்கில் சேரும். 1,140 என்ற எண் 430 ஆகச் சுருங்கியது. அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. ஆனால் நான் எங்கே நிற்கிறேன் என்று முதன்முறையாகத் தெரிந்த இரவும் அதுதான்.

பிறகு பிழை நோட்டு தொடங்கினேன். மூன்றே பத்திகள்: கேட்டது என்ன, நான் புரிந்துகொண்டது என்ன, ஏன். மூன்றாவது பத்திதான் உயிர். 'கவனக்குறைவு' என்று எழுதித் தப்பிக்கக் கூடாது என்று எனக்கு நானே தடை போட்டுக்கொண்டேன். ஆறு வாரத்தில் ஒரு காரணம் திரும்பத் திரும்ப வந்தது. குறில் நெடிலிலோ, ஒற்று இரட்டிப்பதிலோ நான் அதிகம் தவறவில்லை. பட்டு, பாட்டு என்று பிறந்ததிலிருந்து பழகிய காது. நான் தவறியது வல்லின ஒலிகளில். 'தென்கி' என்று தமிழில் எழுதினால் அது வானிலையா மின்சாரமா என்று தெரியாது. 'தங்கம்' என்பதில் வரும் 'த'வைப் போல ஒலித்தால் வானிலை. 'தானம்' என்பதில் வருவதைப் போல ஒலித்தால் மின்சாரம். தொடக்கத்தில் எல்லாச் சொல்லையும் தமிழ் எழுத்தில் குறித்துப் படித்த பழக்கம், இந்த வேறுபாட்டை என் காதிலிருந்தே அழித்திருந்தது. ஜப்பானிய எழுத்துமுறைகளில் ஒன்றான ஹிரகானாவில் அடிப்படை எழுத்துகள் 46தான். அவற்றை முதல் மாதமே கற்று, குறிப்புகளை அவற்றிலேயே எழுதுங்கள். இதை யாரிடமும் அடித்துச் சொல்வேன்.

மாத அளவுக்கு இரண்டே சோதனைகள் வைத்திருக்கிறேன். முதலாவது, ஒரு நிமிட ஒலித்துண்டு. ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. எளிய ஜப்பானிய மொழியில் தரும் செய்திகளிலிருந்து எடுத்துக்கொள்வேன். தேர்வில் ஒலிப்பதிவு ஒருமுறைதான் ஓடும். அதனால் நானும் ஒருமுறைதான் ஓட விடுவேன். கேட்டதை எழுதி, விட்டுப்போன இடங்களை எண்ணுவேன். அதே துண்டை மூன்று மாதம் தொடாமல் வைத்திருந்து மறுபடி கேட்பேன். முதல் துண்டில் 23 இடங்கள் விட்டிருந்தேன். மூன்று மாதம் கழித்து 9. இடையில் வாராவாரம் அளந்து பார்த்ததும் உண்டு. செய்தியின் பொருளைப் பொறுத்து எண் ஏறி இறங்கி மனத்தைக் குழப்பியதுதான் மிச்சம். ஆகவே வாரக் கணக்கை விட்டுவிட்டேன்.

இரண்டாவது, என் குரல். மாதத்தின் முதல் ஞாயிறு, போன வாரம் என்ன நடந்தது என்று மூன்று நிமிடம் ஜப்பானிய மொழியில் பேசிப் பதிவு செய்கிறேன். ஜே.எல்.பி.டி.யில் பேச்சுத் தேர்வே கிடையாது. பிறகு எதற்கு என்று நண்பர்கள் கேட்டார்கள். தொழிற்சாலைக்கு வரும் ஜப்பானியப் பொறியாளரிடம் நான் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் போவதில்லை, பேசத்தான் போகிறேன். எவ்வளவு கூச்சமாக இருந்தாலும் பழைய பதிவை அழிக்காதீர்கள். மொழியில் ஏற்படும் மாற்றம் அதோடு அன்றாடம் வாழ்கிறவருக்குத் தெரியாது. என் முதல் பதிவில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே நீண்ட மௌனம். ஐந்தாவது பதிவில் 'போய், பார்த்து, வாங்கி வந்தேன்' என்று வினைகளைக் கோத்துச் சொல்கிறேன். அதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது.

அடுத்த முறை எழுதியபோது கேட்டலில் 41 வந்தது. முதல் பகுதியில் 84, அதாவது முன்பைவிட நான்கு குறைவு. அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

இப்போது மூன்றாம் நிலைக்குப் படிக்கிறேன். இந்தத் தேர்வில் எண் குறையக் குறைய நிலை கடினமாகும். அங்கே வாசிப்பு தனிப் பகுதியாகிவிடும். மூன்று பகுதிகளிலும் தலா 19 எடுக்க வேண்டும், மொத்தம் 95. இந்த முறை என் நலிந்த இடம் வாசிப்பு வேகம் என்பது தேர்வுக்கு ஏழு மாதம் முன்பே தெரிந்துவிட்டது. பிழை நோட்டில் நான்காவதாக ஒரு பத்தி போட்டிருக்கிறேன். ஒரு பக்கக் கட்டுரையைப் படித்துக் கேள்விகளுக்கு விடை சொல்லும் நேரம். தொடங்கியபோது 14 நிமிடம். போன ஞாயிறு 11.