துணியா, பேடா: ஒரு மழைக்கால நாட்குறிப்பு

நவம்பர் 3, 2024, ஞாயிறு

தீபாவளித் துணிகளை மடித்து வைக்கத்தான் மகள் பாப்பாவின் அலமாரியைத் திறந்தேன். மாதவிடாய்க்கென்று நான் தைத்துக் கொடுத்த துணி நாப்கின்கள் எட்டும் மேல்தட்டில் அடுக்கி இருந்தன. கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. துணியை முன்கூட்டியே எவ்வளவு நனைத்துத் தைத்தாலும், நாலு தடவை அலசினால் ஃபிளானலின் ஓரத் தையல் கொஞ்சம் சுளித்துக்கொள்ளும். இவற்றின் ஓரமோ இஸ்திரி போட்டமாதிரி நேராக இருந்தது. பட்டன்கள்கூட நான் போட்ட வாக்கிலேயே இருந்தன.

தானே துவைத்து அறை ஜன்னலில் காயப்போடுவதாக ஜூலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒன்றுகூடத் தண்ணீரைப் பார்க்கவில்லை. பின்னால் பள்ளியில் கொடுத்த இலவச நாப்கின் பாக்கெட் மூன்று. ஒன்றில் ஆறு என்று இருக்கும். 2012இல் வந்த புதுயுகம் திட்டம் அது. கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்கு இரண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட். அந்தத் திட்டத்தை ஒரு குறை சொல்ல மாட்டேன். அதனால் பள்ளிக்கூடத்தை விடாமல் படித்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

ஆனால் மனசு தாங்கவில்லை. ஊர் ஊராகப் போய்த் துணி நாப்கின் தைக்கவும் பயன்படுத்தவும் சொல்லிக்கொடுக்கிறவள் நான். என் வீட்டிலேயே அது அலமாரியில் தூங்குகிறது.

நவம்பர் 4, திங்கள்

ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் கேட்டேன். மறைக்கவில்லை. "ஸ்கூல்ல எங்கம்மா மாத்தறது?" என்றாள்.

கழிவறை நான்கு, தாழ்ப்பாள் ஒன்றுக்குத்தான். மதியத்துக்கு மேல் குழாயில் தண்ணீர் வராது. பத்தாம் வகுப்பு என்பதால் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வீட்டுக்கு வர ஆறரை ஆகிறது. மாற்றிய துணியைப் பட்டன் போட்டு மடித்து, ஜிப் பையில் வைத்து, அதைப் புத்தகப்பைக்கு அடியில் தள்ளி, அவ்வளவு நேரமும் பக்கத்தில் வைத்துக்கொண்டே உட்கார வேண்டும். ஆடி மாதம் ஒருநாள் பேனா தேடிய பிள்ளை ஒருத்தி, போடாமல் பையில் மடித்து வைத்திருந்த ஒன்றை வெளியே எடுத்து, "என்னடி இது, பர்ஸா?" என்று திறந்தே பார்த்துவிட்டாளாம்.

அன்றைக்கு ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீ அவளுக்கும் விளக்கம் சொல்ல ஸ்கூலுக்கே வந்துடுவ."

வந்திருப்பேன்தான்.

நவம்பர் 10, ஞாயிறு

எனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்பதை எழுதி வைக்கிறேன்.

கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பேட்தான். தையல் மெஷினில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் உட்கார்ந்தால், இரண்டாம் நாள் தொடை இடுக்கு சிவந்து, மூன்றாம் நாள் தோல் உரியும். சித்திரை வெயிலில் நடக்கவே முடியாது. எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 2016இல் மகளிர் குழு மூலம் துணி நாப்கின் பயிற்சிக்குப் போனேன். பக்கத்தில் ஆரோவில்லில் அதற்கும் முன்பிருந்தே தைக்கிறார்கள் என்பதால் எங்கள் பக்கத்துக்கு அது புதிதில்லை. உள்ளே மூன்று நான்கு அடுக்கு பருத்தி ஃபிளானல், அடியில் நீர் கசியாத துணி ஒரு அடுக்கு, இரண்டு பக்கமும் இறக்கை, இறக்கையில் பிரஸ் பட்டன். பச்சைத் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, சோப்புப் போட்டு அலசி, நல்ல வெயிலில் காயப்போட வேண்டும். நான்கு மாதத்தில் எனக்குத் தோல் உரிவது நின்றுவிட்டது. அன்றைக்குத் தைத்ததில் நான்கு இன்னும் உழைக்கின்றன.

இன்னொன்று குப்பை. கடை பேடின் மேலும் கீழும் பிளாஸ்டிக். நடுவில் மரக்கூழ்ப் பஞ்சும், ஈரம் பட்டால் ஜெல்லாகும் பொடியும். கொல்லைக் குழியில் போட்டுக் கொளுத்தினால் ஓரம் கருகி நாறுமே தவிர நடுப்பகுதி வேகாது. சுகாதாரக் கழிவைத் தனியாகச் சுற்றிக் கொடுக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருக்கிறது. எங்கள் தெருவில் அப்படிக் கொடுப்பவர்கள் குறைவு. தூய்மைக் காவலர் அக்கா மக்காத குப்பையிலிருந்து அதைக் கையால் எடுத்துப் போடுவதை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். அதன்பிறகு என்னால் அதைத் தொட முடியவில்லை.

இதையெல்லாம் பாப்பாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். "சரிம்மா, எனக்குத் தோல் உரியலையே" என்றாள்.

நவம்பர் 17, ஞாயிறு

செஞ்சியிலிருந்து அம்மா வந்திருக்கிறாள். என் பக்கம் பேசுவாள் என்று நினைத்துத்தான் விஷயத்தைச் சொன்னேன். பழையகாலத்து மனுஷி, துணியின் அருமை தெரியும் என்ற நம்பிக்கை.

கையிலிருந்த மொச்சைக்காயை முறத்தில் போட்டுவிட்டு என்னை முறைத்தாள். "நான் பட்டது போதாதா? இவளும் துணி கட்டணுமா?"

அப்புறம் அவள் சொன்னது எதையும் நான் இத்தனை வருஷத்தில் கேட்டதில்லை. தாத்தாவின் கிழிந்த வேட்டியை நீளமாகக் கிழித்து, இடுப்பில் கயிறு கட்டி, முன்னும் பின்னும் செருக வேண்டும். நாற்று நடுகிற நாளில் ஈரம் ஏறி அந்த விளிம்பு தொடையை அறுக்கும். ஆள் எழுவதற்கு முன் ஏரிக்கரையில் அலச வேண்டும். ஆம்பிளைகள் கண்ணில் படக்கூடாது என்று மாட்டுக்கொட்டகைக் கூரையின் உள்பக்கம் செருகி வைப்பார்கள். புகையும் ஈரமுமாக அரைகுறையாகக் காயும். ஒருமுறை உதறாமல் எடுத்துக் கட்டியதில் பூரான் கடித்து இரண்டு நாள் காய்ச்சல். யாரிடமும் எங்கே கடித்தது என்று சொல்லவில்லையாம்.

"அந்தத் துணியில வெயிலே பட்டதில்லடி" என்றாள்.

நான் தைப்பது வேறு, இறக்கையும் பட்டனும் இருக்கிறது, மாடியில் வெயிலில்தான் காயப்போடச் சொல்கிறோம் என்று சொல்லிப் பார்த்தேன். அம்மா ஒரு நாப்கினை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தையல் நல்லாத்தான் இருக்கு. ஆனா பொண்ணு வேணாங்குது இல்ல?"

பாப்பா ஆயாவின் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் மாடிக்குப் போய்விட்டேன்.

நவம்பர் 19, செவ்வாய்

பள்ளிக்கு பேட், வீட்டில் துணி என்று சமாதானம் பேசினேன். "வீட்ல நான் இருக்கறதே ராத்திரிதாம்மா. அப்பவாவது நிம்மதியா தூங்கறேனே" என்றாள். அப்புறம் வாசல்வரை போய்த் திரும்பி வந்து சொன்னாள்:

"கூட்டத்துல என்ன சொல்ற நீ? உங்க உடம்பு, எது சௌகரியமோ நீங்களே தேர்ந்தெடுங்கன்னு சொல்ற. எனக்கு மட்டும் ஏன் அதச் சொல்லல?"

அப்படிச் சொல்லித்தான் ஒவ்வொரு கூட்டத்தையும் ஆரம்பிப்பேன். சிறுமியாக இருந்தபோது என்கூட வந்து ஓரமாக உட்கார்ந்திருப்பாள், அதில் கேட்டிருக்கிறாள்.

நவம்பர் 24, ஞாயிறு

பாப்பாவின் அப்பா ஒரகடத்திலிருந்து வந்திருந்தார். எல்லாம் கேட்டுவிட்டு, "வேணும்னா மாசாமாசம் நானே வாங்கிட்டு வர்றேன்" என்றார். கறுப்புக் கவரில் சுற்றாமல் வாங்கி வரச் சொன்னேன்.

டிசம்பர் 5, வியாழன்

இன்றுதான் மின்சாரம் வந்தது. இடையில் காகிதத்தில் எழுதியதை அப்படியே ஏற்றுகிறேன்.

(நவம்பர் 30, சனி) காலையிலிருந்தே காற்று. புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடக்கும் என்கிறார்கள். மதியமே மின்சாரம் போய்விட்டது. மோட்டார் ஓடாது, மேல்தொட்டியில் கால்வாசி தண்ணீர். எனக்கு நேற்றுத்தான் ஆரம்பித்தது.

(டிசம்பர் 1, ஞாயிறு) ராத்திரி முழுக்க யாரும் தூங்கவில்லை. முருங்கை மரம் சாய்ந்துவிட்டது. தெருவே ஏரி மாதிரி இருக்கிறது. மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியிருக்கிறது என்று பக்கத்து வீட்டு ரேடியோவில் சொன்னார்கள். என் துணிகளில் ஐந்து வாளியில் ஊறுகின்றன. வெளியே இவ்வளவு தண்ணீர், அலச நல்ல தண்ணீர் இல்லை. வாசல் தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கிறது. நேற்று அலசிய இரண்டு சமையலறைக் கயிற்றில் இன்னும் சில்லென்று தொங்குகின்றன. ஈரத்துணியை வைக்காதீர்கள், அரிப்பும் பூஞ்சையும் வரும் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்.

சாயங்காலம் கயிற்றில் இருந்ததைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாப்பா அறைக்குள் போய் ஒரு பாக்கெட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். "இந்தாம்மா. காயற வரைக்கும்." வேறு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டேன். எட்டு வருஷத்துக்குப் பிறகு. ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

(டிசம்பர் 3, செவ்வாய்) மழை விட்டுவிட்டது. கொல்லைப் பக்கம் போன பாப்பா கூப்பிட்டாள். குழி நிரம்பி வழிந்ததில், எப்போதோ போட்டு மேலே மண் தள்ளியவை எல்லாம் மிதந்து வந்திருந்தன. ஓரம் கருகிய பேடுகள், உப்பி, கருவேப்பிலைச் செடி வரைக்கும் ஒதுங்கிக் கிடந்தன. மேலே சுற்றியிருந்த செய்தித்தாள் கரைந்துபோயிருந்தது. பேடுகள் அப்படியே இருந்தன. ஒன்று வெடித்து, உள்ளிருந்த ஜெல் ஜவ்வரிசி மாதிரி மண்ணில் சிதறியிருந்தது.

இரண்டு பேரும் கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு குச்சியால் தள்ளிச் சாக்கில் சேர்த்தோம். பதினேழு எண்ணினாள். "இதுல என்னோடது எத்தன இருக்கும்?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. என்னுடையதும் நேற்றிலிருந்து காகிதத்தில் சுற்றிக் குளியலறை ஆணியில் தொங்குகிறது.

டிசம்பர் 7, சனி

தென்பெண்ணைக் கரை ஊர்களின் நிலைமை எங்களைவிட மோசம். சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்திருக்கிறது. நிவாரணத்துக்கு என்ன அனுப்பலாம் என்று குழுவில் கேட்டார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தைத்து வைத்தது அறுபது இருக்கிறது.

பேட் அனுப்புங்கள் என்றேன். அலசத் தண்ணீரும் காயவைக்க இடமும் இல்லாதவர்களுக்குத் துணியைக் கொடுத்து என்ன செய்வது? கூடவே சுற்றிப்போடப் பழைய செய்தித்தாளும் பையும். பாக்கெட் கட்டும்போது பாப்பாவும் உட்கார்ந்து கட்டினாள்.

டிசம்பர் 15, ஞாயிறு

பள்ளி திறந்தாகிவிட்டது. தாழ்ப்பாளும் தண்ணீரும் வேண்டும், மூடிபோட்ட தொட்டியும் வேண்டும் என்று பெற்றோர்கள் நாலைந்து பேர் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தோம். வாங்கி வைத்திருக்கிறார்கள். போவதற்கு முன் பாப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் போனேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

காலையில் மெஷின் பக்கத்தில் வந்து நின்றாள். கையில் அந்த எட்டில் ஒன்று.

"ரெண்டு தைச்சுத் தர்றியா? ராத்திரிக்கு மட்டும். லீவு நாள்ல போட்டுப் பாக்கறேன். புடிக்கலன்னா விட்டுடுவேன்."

சரி என்றேன். பூப்போட்டது வேண்டாம், கறுப்பு வேண்டும் என்றாள். பின்பக்கம் இரண்டு அங்குலம் நீளமாக வேண்டும், மல்லாந்து படுப்பதால். எழுதிக்கொண்டேன். அப்புறம் பட்டனைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினாள்.

"இது இங்க இருக்கறது தொடையில குத்துதும்மா. மொதல் நாளே குத்துச்சு."

ஜூலையில் ஒரே ஒரு தடவை, அரைமணி நேரம் போட்டுப் பார்த்தாளாம். ஒல்லியான பிள்ளை. என் அளவுக்கு வெட்டிய இறக்கை அவளுக்கு மடியாமல் பட்டன் எலும்பு மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. நீளமும் அகலமும் குறைத்தேனே தவிர, பட்டன் எங்கே வருகிறது என்று அவளை நிற்கவைத்துப் பார்க்கவில்லை. இத்தனை பிள்ளைகளுக்குத் தைத்துக் கொடுத்தோம், யாரிடமும் கேட்கவில்லை.

டேப்பை எடுத்தேன். சுடிதார் மேலேயே வைத்துப் பார்த்ததில் பட்டன் முக்கால் அங்குலம் உள்ளே போக வேண்டும். சாக்பீஸால் குறித்துக் கறுப்பு ஃபிளானலை வெட்டியிருக்கிறேன். குழுவுக்கும் போன் செய்து, சின்ன சைஸில் பட்டன் அடிப்பதை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டேன்.