இடைவேளை இல்லாத படம்

கூட்டமாய் வந்தவர்கள் குடிசைகளைப் பிரித்து எறிகிறார்கள். பாடுபட்டு விதைத்த இடமெல்லாம் மிதி. எனக்குத் தொண்டை அடைத்தது. பக்கத்துக் கதிரையில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் குறட்டை விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், படம் அப்படி.

எங்கள் பகுதி நூலகத்தில் இடைக்கிடை பழைய படம் போடுவார்கள். அன்றைக்கு ‘வின்ஸ்டன்லி’. 1975இல் கெவின் பிரவுன்லோவும் அன்ட்ரூ மொலோவும் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். கதை நடப்பது 1649இல், இங்கிலாந்து அரசர் முதலாம் சாள்ஸின் தலையை வெட்டிய ஆண்டு. யுத்தத்தாலும் பஞ்சத்தாலும் நொந்துபோன ஏழைகளைச் சேர்த்துக்கொண்டு, ஜெரார்ட் வின்ஸ்டன்லி என்பவர் சரேயில் சென் ஜோர்ஜ் குன்றின் பொதுத் தரிசைக் கொத்தத் தொடங்குகிறார். நிலம் எல்லாருக்கும் பொது என்பது அவர் கட்சி. பாதிரியாருக்கும் காணிக்காரருக்கும் பொறுக்குமா?

நல்ல கதைதான், ஆனால் ஆமை நடை. வார இறுதிகளில், பெரும்பாலும் நடித்துப் பழக்கமில்லாத ஆட்களை வைத்து எடுத்த படமாம். வின்ஸ்டன்லியாக வருபவர் நிஜத்தில் பள்ளிக்கூட வாத்தியார், வசனம் சொல்லும் விதத்திலேயே தெரிகிறது. போர்க்கவசங்கள் மட்டும் லண்டன் கோபுரத்தில் இரவல் வாங்கிய அசல். பாட்டில்லை, இடைவேளை இல்லை, கச்சான் இல்லை. ஊரில் கலியாண வீடென்றால் ரிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் போட்டு விடிய விடியப் பார்த்தவன் நான். நித்திரையானாலும் சண்டைக் காட்சிக்கு யாராவது தட்டி எழுப்புவார்கள். இங்கே கிழவரை ஒருவரும் எழுப்பவில்லை.

நான் மண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மழையில் சேறாகிக் கிடந்த மண். கறுப்பு வெள்ளையில் எல்லா மண்ணும் ஒரே நிறம். யாழ்ப்பாணத்தில் எங்கள் வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணையும் இந்தக் கமராவால் எடுத்திருந்தால் இப்படித்தான் தெரிந்திருக்கும். பலாலிப் பக்கம் எங்கள் தோட்டம். 1990இல் சண்டை வந்து, கிண்டாத வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடினோம். காணிகளை ஆமி பிடித்துக்கொண்டது. அக்கம்பக்கத்துக் காணிகள் சிலதைப் பிறகு விட்டுவிட்டது. எங்களது இன்னும் முட்கம்பிக்கு உள்ளே.

இப்போது அதெல்லாம் பழகிவிட்டது. லண்டன்தான் ஊர். கவுன்சில் வாடகைக்குக் கொடுக்கும் தோட்டத்துண்டுக்குப் பெயர்கூடப் பதிந்து வைத்திருக்கிறேன். வரிசை நகர்வதாகத் தெரியவில்லை. கிடைத்தால் முதலில் வெங்காயம்தான் வைப்பேன், அதுவும் ஊர்ச் சின்ன வெங்காயம். குளிருக்கு வருமோ தெரியாது. வின்ஸ்டன்லியின் குன்றில் இனி ஒருவரும் கொத்த முடியாது. அது இப்போது கேற் போட்ட கோடீஸ்வரர் குடியிருப்பு, கோல்ஃப் மைதானமும் உண்டு. பீற்றில்ஸ் பாடகர் ஜோன் லெனன்கூட 60களில் அங்கே வீடு வாங்கி இருந்தவர்.

இரவு அம்மாவுக்கு வைபரில் கதையைச் சொன்னேன். கொக்குவிலில் வாடகை வீட்டில் இருக்கிறா. அரசர், தலை வெட்டு ஒன்றும் அவவுக்குப் பெரிதாகப் படவில்லை.

“என்ன மோனை நட்டவை?”

“கரட், பாஸ்னிப், அவரை.”

“தண்ணி?”

“மழைதான்.”

“கிணறு வெட்டேல்லையோ?”

“படத்திலை காட்டேல்லை அம்மா.”

“கிணறில்லாமல் என்னெண்டு தோட்டம் செய்யிறது? பிறகு பாதிரியாரைக் குறை சொல்லி என்ன!”