எர்கூப் இறக்கையில் துணியை எடுத்துவிட்டுத் தகடு போட்ட அனுபவம்

எர்கூப் என்பது இரண்டு பேர் உட்காரும் பழைய அமெரிக்கச் சிறு விமானம். அதற்கு உடம்பெல்லாம் அலுமினியம். இரண்டு பக்கமும் கழற்றி மாட்டுகிற வெளி இறக்கைகளுக்கு மட்டும்தான் துணி. நானும் நண்பரும் கூட்டாக வைத்திருப்பது 1946ஆம் வருடத்து விமானம். எர்கோ நிறுவனம் அந்த ஒரே வருடத்தில் நாலாயிரத்துக்கும் மேல் செய்தது. மேசிஸ் கடையில் வைத்தே விற்ற விமானம் இது. ஃபிரெட் விக் வடிவமைத்தார். சுழன்று விழாதபடி அவர் அதை அமைத்த விதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மரியாதை கூடுகிறது.

டெக்சாஸில் எங்களுக்கு ஹேங்கர் (விமானம் நிறுத்தும் கொட்டகை) கிடைக்கவில்லை. திறந்தவெளியில்தான் கட்டி வைத்திருக்கிறோம். பருத்தித் துணிக்கு எமன் வெயில். அந்த வெயில் இழைக்குள் இறங்காமல் இருக்கத்தான் அலுமினியத் தூள் கலந்த வெள்ளி டோப் என்ற பூச்சைப் பூசுவார்கள். அதில் வெடிப்பு விழ ஆரம்பித்தால் துணி உளுத்துப்போகும். புதிய 'ஏ' தரப் பருத்தி அங்குலத்துக்கு 80 பவுண்டு இழுவை தாங்கும். 56க்குக் கீழே இறங்கினால் மாற்றியே ஆக வேண்டும். வருடாந்தரச் சோதனையில் மெக்கானிக் இறக்கையின் மேல்பக்கத்தில் சோதனைக் கருவியை அழுத்தினார். அந்த அளவு வருவதற்குள்ளேயே துணி பொத்துக்கொண்டது.

பாலியெஸ்டர் துணி போடச் சொன்னார் அவர். எடை ஏறாது, பல வருடம் வரும், செலவும் குறைவு. ஹேங்கர் இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். வெயிலிலேயே நிற்கப்போகிற விமானம் என்பதால் அலுமினியத் தகடு என்று முடிவெடுத்தோம். (ஆலங்கட்டி மழை தகட்டைத்தான் அதிகம் பள்ளமாக்கும். அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.)

நம் விமானம்தானே என்று தகட்டை வாங்கி அடித்துவிட முடியாது. அமெரிக்க விதிப்படி இது பெரிய மாற்றம். எஸ்.டி.சி. என்ற அனுமதியும் அதற்குரிய வரைபடங்களும் வேண்டும். எந்த இடத்தில் எந்தக் கனத்தில் தகடு, எத்தனை அங்குலத்துக்கு ஒரு ரிவெட் (தகட்டை இணைக்கும் ஆணி) என்பதெல்லாம் அதில் இருக்கும். உரிமம் பெற்ற மெக்கானிக்கின் மேற்பார்வையில் உரிமையாளரும் வேலை செய்யலாம். கடைசியில் ஐ.ஏ. என்ற சோதனை அதிகாரம் உள்ள மெக்கானிக் பார்த்து 337ஆம் எண் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போடப்போகிறவரை முதல் நாளே கூட்டி வந்து காட்டிவிடுங்கள். எல்லாம் மூடிய பிறகு கூப்பிட்டால் எந்த நல்ல மெக்கானிக்கும் சம்மதிக்க மாட்டார்.

துணியைக் கிழித்து எடுத்த பிறகுதான் உண்மையான வேலை தெரிந்தது. இறக்கை நுனிப் பக்கம் ஓர் எலிக்கூடு. பஞ்சும் புல்லும் அள்ளிப் போட்டபின் பார்த்தால், அதன் அடியில் இருந்த ரிப்பில் (இறக்கைக்கு வடிவம் தரும் விலா எலும்பு போன்ற சட்டம்) வெள்ளை வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. எலி மூத்திரம் அலுமினியத்தை அப்படித் தின்னும். விரல் நகத்தால் சுரண்டினால் உலோகம் செதில் செதிலாக வந்தது. அந்த ரிப்பை மாற்றினோம். மற்றவற்றைச் சுத்தம் செய்து எபாக்சி பிரைமர் அடித்தோம். இறக்கையின் முதுகெலும்பான ஸ்பாரை அங்குலம் அங்குலமாக டார்ச் அடித்துப் பார்த்தோம். விளக்கு வயர், வேகம் காட்ட உதவும் பிட்டாட் குழாய் எல்லாம் புதிது. துணியாக இருந்தால் எப்போதாவது ஒருநாள் பிரிப்போம். தகடு அடித்தால் நம் காலத்தில் யாரும் பிரிக்கப்போவதில்லை. அதனால் உள்வேலைக்கு எவ்வளவு நேரம் போனாலும் எனக்குக் கவலையில்லை. அனுமதித்த இடங்களில் எல்லாம் திறந்து பார்க்கும் மூடிகளும் வைத்தோம்.

எர்கூப் இறக்கையில் ரிப்கள் நேராக இல்லாமல் குறுக்கும் மறுக்குமாகச் சாய்ந்து போகும். அதனால் ரிவெட் வரிசையும் சாய்வாகவே வரும். தகட்டைப் பொருத்தி, துளை போட்டு, கிளிகோ என்ற தற்காலிகப் பிடிப்பான் மாட்டி, மறுபடி கழற்றி, ஒவ்வொரு துளைக்கும் பிசிறு எடுத்து, பிரைமர் அடித்து, திரும்ப மாட்ட வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் பிசிறு விட்ட துளையில்தான் பின்னால் விரிசல் ஆரம்பிக்கும்.

ரிவெட் அடிக்க இரண்டு பேர் வேண்டும். நண்பர் ரிவெட் கன் பிடித்தார், நான் பின்னால் பக்கிங் பார் (ரிவெட்டின் வால் நசுங்க முட்டுக்கொடுக்கும் இரும்புக் கட்டி) பிடித்தேன். நசுங்கிய தலை, ரிவெட் தண்டின் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கு அகலமும், அந்த விட்டத்தில் பாதி உயரமும் இருந்தால் சரி. சாய்ந்திருந்தால் துளைத்து எடுத்துவிட்டு மறுபடி.

ஜிக்கில் (இறக்கையை அசையாமல் பிடித்து வைக்கும் சட்டத்தில்) இறக்கை எந்த முறுக்கோடு இருக்கிறதோ, அந்த முறுக்கைத் தகடு அப்படியே பூட்டிவிடும். துணி அப்படிப் பூட்டாது. அதனால் ஒவ்வொரு தகட்டையும் அடிப்பதற்கு முன்னால் லெவல் வைத்துப் பார்த்தோம். இன்னொன்று, குளிர்ந்த காலையில் தகட்டை மாட்டினால் மதிய வெயிலில் விரிந்து தொளதொளத்து, தட்டினால் டொப் டொப் என்று சத்தம் வரும். பட்டறை நன்றாகச் சூடானபிறகே பெரிய தகடுகளை அடித்தோம்.

அப்புறம் எடை போட்டோம். முன்பு ஆயில் சேர்த்து 830 பவுண்டு இருந்த வெற்று எடை 868 ஆகியிருந்தது. எங்கள் விமானம் 415-சி மாடல். அதற்கு அனுமதித்த அதிகபட்ச மொத்த எடை 1260. தகடு போட்டதால் அந்த வரம்பு ஒரு பவுண்டுகூட ஏறாது. 24 காலன் பெட்ரோல் 144 பவுண்டு. அது போக ஆட்களுக்கு மிஞ்சுவது 248, அதாவது சுமார் 112 கிலோ. நாங்கள் இருவரும் சேர்ந்து 275 பவுண்டு. முன்பு டாங்க் முழுக்க நிரப்பிக்கொண்டு போக முடிந்தது, இப்போது சுமார் ஐந்து காலன் குறைத்துத்தான் போட முடியும். கிட்டத்தட்ட ஒரு மணி நேரப் பறப்பு போகிறது. தூரப் பயணம் என்றால் நடுவில் கூடுதலாக ஒரு இடத்தில் இறங்கி நிரப்புகிறோம். உங்கள் விமானத்துக்கும் தகடு போடும் யோசனை இருந்தால், எஸ்.டி.சி.க்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் தராசில் ஏற்றி இந்தக் கழித்தலைப் போட்டுப் பாருங்கள். பழைய காகிதத்தில் எழுதியிருக்கும் எடையை நம்பவே வேண்டாம்.