எதிர்ச்சுவர்: ஐப்பசியில் தொடங்கிய ஓர் எண்ணெய் ஓவியம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் அத்தை தனியாக இருக்கிறார். மாமா போய் இரண்டு வருடம் ஆகிறது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கூடத்து ஜன்னலோரம் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருக்கும் கை நடுவில் நின்றுவிடும். சில நிமிடம் கழித்துத் தானாகவே மறுபடி தொடங்கும். அந்தக் கை நின்றுபோகும் நேரத்தை வரைந்துவிட வேண்டும் என்று ஐப்பசியில் ஆரம்பித்தேன்.

முதல் கேன்வாஸ் 18க்கு 24 அங்குலம். முகத்தை நேராக வைத்தேன். புருவத்தைச் சுருக்கி, கண்ணோரம் ஓர் ஈரப் புள்ளியும் வைத்தேன். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால் அதில் அத்தை இல்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்காக முகத்தை அப்படி வைத்துக்கொண்ட வேறு யாரோ இருந்தார். அத்தை அழுது நான் பார்த்ததே கிடையாது.

அந்தப் படம் இன்னொரு விதத்திலும் கெட்டது. எண்ணெய் வண்ணம் நீர்வண்ணம்போல ஆவியாகிக் காய்வதில்லை; ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் இறுகுகிறது. நான் அடிப்பூச்சிலேயே எண்ணெயைத் தாராளமாகக் கலந்துவிட்டேன். வெளியே அடைமழை. பத்து நாள் கழித்தும் விரலில் ஒட்டியது. பொறுமையில்லாமல் அதன்மேல், வண்ணத்தை நீர்க்கச் செய்யும் டர்பென்டைனில் கரைத்து, எண்ணெய் குறைந்த மெல்லிய பூச்சைக் கொடுத்தேன். மேலே இருந்தது முதலில் இறுகிவிட, அடியில் இருந்தது அசைந்துகொண்டே இருந்தது. மூன்றே வாரத்தில் கன்னத்தில் மயிரிழைபோல வெடிப்பு. அடியில் எண்ணெய் குறைவாகவும், மேலே போகப் போகக் கூடுதலாகவும் இருக்க வேண்டும்.

கார்த்திகை முழுவதும் டென்மார்க் ஓவியர் வில்ஹெல்ம் ஹாமர்ஷோயின் (1864–1916) படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபன்ஹேகனில் தாம் குடியிருந்த வீட்டு அறைகளில், மனைவி ஈடாவை முதுகுப் பக்கமிருந்து திரும்பத் திரும்ப வரைந்தவர். முகம் தெரியாது. தூக்கி முடிந்த கூந்தல், பிடரி, மற்றபடி வெறும் சுவர். அதைப் பார்த்த பிறகுதான் ஒன்று உறைத்தது: அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்தாலும் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதில்லை. எதிர்ச்சுவரைத்தான் பார்க்கிறார்.

இரண்டாவது கேன்வாஸில் அத்தையை வலது கீழ்மூலையில் முதுகு காட்டி உட்காரவைத்தேன். மூன்றில் இரண்டு பங்கு சுவருக்கு. அடிப்படம் முழுவதும் ரா அம்பர் என்ற பழுப்பு மண் நிறம், டர்பென்டைனில் கரைத்து மெல்லியதாக. அந்த வண்ணத்தில் இருக்கும் மாங்கனீசு சீக்கிரம் காயவைக்கும். மழை ஈரத்திலும் இரண்டு நாளில் காய்ந்துவிட்டது. நிழல்களுக்குக் கறுப்பைத் தொடவில்லை. அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் அம்பர் என்ற செம்பழுப்பும் கலந்தால் வரும் சாம்பல் நிறத்தில் உயிர் இருக்கிறது.

ஆனால் ஹாமர்ஷோயின் சாம்பல் வெளிச்சத்தை அப்படியே எடுத்து வைத்தபோது அத்தை ஏதோ குளிர்நாட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் ஆகிவிட்டது. கடலூர் மத்தியான வெயில் கூடத்துக்குள் வரும்போது மஞ்சளாகத்தான் வருகிறது. மாமா போனதிலிருந்து அந்த வீட்டுக்கு வெள்ளையடிக்கவும் இல்லை, சுவர் பழுத்திருக்கிறது. வெள்ளையோடு யெல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சளைத் துளித்துளியாகச் சேர்த்து, ஒவ்வொரு பூச்சும் காயக் காத்திருந்து மூன்று முறை பூசினேன்.

முறத்தில் மூங்கில் பட்டை ஒவ்வொன்றையும் பின்னிப் பின்னி வரைந்தது தவறு. கண் நேராக அங்கேதான் ஓடியது. துணியால் துடைத்துவிட்டு விளிம்பை மட்டும் விட்டேன். (எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். நான் கொடியில் விரித்துக் காயவிடுகிறேன்.) நின்றுபோன கைக்கு நான்கே தீற்றல். சேலை, நிழலில் சுவரைத் தொடும் இடத்தை உலர்ந்த தூரிகையால் நீவி, அத்தை எங்கே முடிந்து சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் செய்தேன். அதிக நாள் பிடித்தது இடது தோள். அது வலதைவிடச் சற்றே உயர்ந்திருக்கும், யாரோ கூப்பிடுவதற்குக் காத்திருப்பதைப்போல. ஏழு முறை அழித்தேன்.

பொங்கலுக்கு மறுநாள் கேன்வாஸைக் கொண்டுபோய்க் காட்டினேன். அத்தை தம்முடைய உருவத்தைப் பார்க்கவே இல்லை. சுவரைத்தான் வெகுநேரம் பார்த்தார்.

"ஆணி எங்கே?"

"எந்த ஆணி அத்தை?"

"மாமா சட்டை மாட்டுகிற ஆணி."

எழுந்து போய்ப் பார்த்தேன். இருந்தது. அவர் உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே, தலை துருப்பிடித்து, அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குச் சுவர் மெருகேறி இருந்தது. இத்தனை நாளாக அந்தச் சுவரை வரைந்திருக்கிறேன்.

அன்று இரவே பர்ன்ட் அம்பரில் சின்னதாக ஒரு புள்ளி வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்வாக ஒரு நிழல் இழுத்தேன். மெருகேறிய வட்டத்துக்கு நிறம் இன்னும் பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மறுபடி போய் அந்தச் சுவர் எதிரே உட்காரப் போகிறேன்.