எண் தொடரில் பேட்டர்ன் பிடிப்பது: தேர்வுக்குப் படித்த அனுபவத்திலிருந்து

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களிடையே ‘பேட்டர்ன்’ என்ற சொல் பல பொருளில் புழங்குகிறது. வினாத்தாளின் பகுதிகளும் மதிப்பெண்ணும் மாறினால் பேட்டர்ன் மாறிவிட்டது என்கிறோம். பழைய வினாத்தாள்களைப் புரட்டிவிட்டு இந்தப் பேட்டர்னில்தான் கேட்பார்கள் என்கிறோம். எண் தொடரில் விடுபட்ட உறுப்பைத் தேடும்போதும் அதே சொல்லைத்தான் சொல்கிறோம். முதல் இரண்டும் அறிவிக்கையையும் பழைய வினாத்தாள்களையும் பார்த்தால் தெரிந்துவிடும். தொடக்கப் பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் ‘அமைப்புகள்’ என்று வரும் மூன்றாவதற்குத்தான் பயிற்சி தேவை என்பதால், அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வின் 200 வினாக்களில் 25 திறனறிவுக்கு உரியவை. அவற்றில் எண் தொடரும் எழுத்து-எண் தொடரும் சில வினாக்களாக வரும். ஒரு வினாவுக்கு 1.5 மதிப்பெண்தான் என்றாலும், தரவரிசையில் அடுத்தடுத்த இடங்களைப் பிரிக்க அது போதும் என்பதைத் தேர்வு எழுதியவர்கள் அறிவார்கள்.

எனக்குப் பயன்பட்டது சூத்திரப் பட்டியலன்று, எதை முதலில் சோதிப்பது என்ற வரிசைமுறைதான். தொடரைப் பார்த்ததும் அடுத்தடுத்த எண்களின் வித்தியாசத்தை அவற்றின் கீழே எழுதிவிட வேண்டும். 7, 10, 16, 28, 52 என்ற தொடரில் வித்தியாசங்கள் 3, 6, 12, 24 என இரட்டிப்பாவதால் அடுத்தது 48, விடை 100. வித்தியாசத்தில் ஒழுங்கு தெரியாவிட்டால் அந்த வித்தியாசங்களின் வித்தியாசத்தையும் எழுதிப் பார்க்கலாம். 0, 7, 26, 63, 124 என்ற தொடரைக் கண்டதும் கன எண்களிலிருந்து ஒன்றைக் கழித்தவை என்று சிலருக்கு உடனே தோன்றும். தோன்றாதவர் வித்தியாசங்களை 7, 19, 37, 61 என்றும், அவற்றின் வித்தியாசங்களை 12, 18, 24 என்றும் எழுதினால், அடுத்து 30 என்பதைக் கொண்டு 91-ஐயும் அதிலிருந்து 215-ஐயும் அடைந்துவிடலாம். ஆகவே கன எண்களை மனப்பாடம் செய்திருப்பது நேரத்தை மிச்சப்படுத்துமே தவிர, அது இல்லாமல் வழியே இல்லை என்பதில்லை.

எண்கள் ஏறியும் இறங்கியும் வந்தால், இரண்டு தொடர்கள் பின்னப்பட்டிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். 4, 50, 8, 45, 12, 40 என்பதில் ஒன்றுவிட்டு ஒன்றைப் பிரித்தாலே அடுத்தது 16 என்பது தெரிந்துவிடும். எண்கள் மிக வேகமாகப் பெருகினால் வித்தியாசத்தை விட்டுவிட்டு, முந்தைய எண்ணின் எத்தனை மடங்கு என்று பாருங்கள்.

பொருந்தாத எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லும் வினாக்கள்தான் பலரையும் தடுமாற வைக்கின்றன. பயிற்சி வகுப்புகளிலும் இவற்றுக்குப் போதிய நேரம் ஒதுக்குவதில்லை என்பது என் கருத்து. 5, 11, 23, 47, 94, 191 என்ற தொடரின் வித்தியாசங்கள் 6, 12, 24, 47, 97 என்று வருகின்றன. முதல் மூன்றும் இரட்டிப்பாவதால், அடுத்தவை 48, 96 என்று இருந்திருக்க வேண்டும். ஒரே ஒரு எண் தவறாக இருந்தால் அதற்கு இருபுறமும் உள்ள வித்தியாசங்கள் இரண்டும் கெடும். ஒன்று எவ்வளவு குறைகிறதோ மற்றது அவ்வளவு கூடும். இங்கே ஒன்று குறைந்து ஒன்று கூடியிருப்பதால், இரண்டுக்கும் நடுவில் உள்ள 94-தான் தவறு, அது 95 ஆக இருக்க வேண்டும். தொடரின் முதல் எண்ணோ கடைசி எண்ணோ தவறாக இருந்தால் மட்டும் ஒரே ஒரு வித்தியாசம் கெடும்.

எழுத்துத் தொடர்களுக்கு ஆங்கில எழுத்துகளின் வரிசை எண் மனத்தில் இருந்தால் போதும். ஈ, ஜே, ஓ, டி, ஒய் ஆகியவை முறையே 5, 10, 15, 20, 25 என்று நினைவில் வைத்தால், மற்றவற்றை முன்னும் பின்னும் எண்ணிக்கொள்ளலாம். ஏ, சி, எஃப், ஜே, ஓ என்பதை 1, 3, 6, 10, 15 என்று எழுதியவுடன் அது 1, 1+2, 1+2+3 என்று கூட்டிவரும் முக்கோண எண்களின் வரிசை என்பதும், அடுத்தது 21-ஆவது எழுத்தான யு என்பதும் தெரியும்.

மூன்று எண்களை மட்டும் பார்த்து முடிவுக்கு வருவது ஆபத்தானது. 1, 2, 4-க்குப் பிறகு இரட்டிப்பு என்றால் 8 வரும், வித்தியாசம் ஒவ்வொன்றாகக் கூடுகிறது என்றால் 7 வரும், இரண்டும் பேட்டர்ன்தான். வட்டத்தின் மேல் புள்ளிகளை வைத்து, எந்த மூன்று கோடுகளும் உள்ளே ஒரே இடத்தில் சந்திக்காதபடி எல்லாப் புள்ளிகளையும் ஒன்றோடொன்று இணைத்தால் கிடைக்கும் பகுதிகளின் எண்ணிக்கை 1, 2, 4, 8, 16 என்று ஐந்து புள்ளிகள் வரை இரட்டிப்பாகிக்கொண்டே போய், ஆறாவது புள்ளியில் 32 ஆகாமல் 31 ஆகிவிடும். கணித ஆசிரியர்கள் இந்த உதாரணத்தை விரும்பிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆகவே கண்டுபிடித்த விதி, கொடுக்கப்பட்ட எல்லா உறுப்புகளுக்கும் பொருந்துகிறதா என்று சரிபார்த்த பிறகே விடைத்தாளில் வட்டத்தை நிரப்புங்கள். டி.என்.பி.எஸ்.சி.யில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை என்பதால், நேரம் முடியும் தறுவாயில் ஊகித்தும் குறிக்கலாம். தவறுக்கு மதிப்பெண் கழிக்கும் எஸ்.எஸ்.சி. (மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையம்) தேர்வுகளையும் எழுதுபவர்கள் இந்தப் பழக்கத்தை அங்கே கொண்டுபோகக் கூடாது.

தமிழ்நாடு பாடநூலின் பத்தாம் வகுப்புக் கணக்கில் உள்ள ‘எண்களும் தொடர்வரிசைகளும்’ என்ற இயலை ஒருமுறை முழுமையாகச் செய்துவிடுங்கள். 1 முதல் தொடர்ச்சியாக வரும் இயல் எண்களின் கனங்களின் கூடுதல் 44100 என்றால் அதே எண்களின் கூடுதல் என்ன என்பது போன்ற கணக்குகளுக்கு, முன்னதன் வர்க்கமூலமே பின்னது என்ற ஒரே உண்மை போதும்; விடை 210.