மாட்டுத்தாவணி ஒண்ணு

போன ஞாயிற்றுக்கிழமை திருச்சியிலிருந்து மதுரைக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். ஜன்னலோரம் ஒரு பெண், இருபத்திரண்டு வயது இருக்கும், துப்பட்டாவால் பாதி முகத்தை மூடியிருந்தாள். வெயிலுக்காக என்று நினைத்தேன். கண்டக்டர் வந்து எங்கே என்று கேட்டார். அவள் சொன்னது அவருக்குப் புரியவில்லை. "சத்தமாச் சொல்லும்மா" என்றார். திரும்பச் சொன்னாள், அப்போதும் புரியவில்லை, பின்சீட்டில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

எனக்குப் புரிந்துவிட்டது. மாட்டுத்தாவணியில் 'மா' வரவில்லை. உதடு இரண்டும் ஒட்டாமல் ம வராது, ப வராது. நான் அதே உதட்டோடு சில மாதங்கள் இருந்தவள். "மாட்டுத்தாவணி ஒண்ணு" என்று நானே சொல்லிவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து பாட்டிலை எடுத்து தண்ணீர் குடித்தாள். வலது வாயோரமாக அப்படியே வழிந்து சுடிதாரில் கொட்டியது. துடைத்துவிட்டு பாட்டிலைப் பைக்குள் வைத்துவிட்டாள், அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. அதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா உட்கார முடியவில்லை. மெதுவாகக் கேட்டேன், "முகவாதமாம்மா? எனக்கும் வந்துச்சு, 2019-ல. இதே வலது பக்கம்."

அப்போதுதான் முதல்முறையாகத் திரும்பினாள். என் முகத்தில் எந்தப் பக்கம் என்று தேடினாள். நான் நன்றாகப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு வந்தபோது டாக்டர் சொன்னார், மாத்திரை கொடுத்தார், எல்லாம் சரிதான், ஆனால் இது வந்து போன ஒரு முகத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று நான் எவ்வளவு ஏங்கினேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

அவளுக்கு அன்று ஐந்தாவது நாள். வீட்டில் பக்கவாதம் என்று பயந்து அழுதிருக்கிறார்கள், பாட்டி மட்டும் ஜன்னல் காற்று அடித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாராம். காது பக்கத்தில் எலும்புக்குள் ஒரு குறுகலான பாதை வழியாக முகத்துக்கு நரம்பு வருகிறது, அது வீங்கி நசுங்கிவிடுவதால்தான் முகத்தின் ஒரு பக்கம் இப்படி அசையாமல் போகிறது, பல பேருக்கு ஏதோ ஒரு வைரஸ்தான் காரணமாக இருக்கும் என்று என் டாக்டர் விளக்கியதை அவளிடம் சொன்னேன். புருவத்தைத் தூக்கச் சொல்லி டாக்டர் பார்த்தாரா என்று கேட்டேன். பார்த்தாராம். பக்கவாதத்தில் பெரும்பாலும் நெற்றி சுருங்கும், இதில் நெற்றியும் சேர்ந்தே அசையாது. (இதை வீட்டில் நாமே பார்த்து முடிவு செய்யக் கூடாது. வாய் கோணினால் முதலில் ஓட வேண்டியது ஆஸ்பத்திரிக்குத்தான்.) ஸ்டீராய்டு மாத்திரையை இரண்டாம் நாளே ஆரம்பித்துவிட்டார்கள் என்றாள், கேட்டதும் எனக்கே நிம்மதியாக இருந்தது. 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பதுதான் முக்கியம்.

அதிகம் பேசியது கண்ணைப் பற்றித்தான். ராத்திரி இமை மூடாது, கருவிழி காய்ந்து புண்ணாகிவிடும். சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள், ஆனால் டேப் ஒட்டத் தெரியாமல் விட்டிருக்கிறாள். விரலின் பின்பக்கத்தால் இமையைக் கீழே இறக்கி, முழுசாக மூடியிருக்கிறதா என்று பார்த்து, அப்புறம் குறுக்கே ஒட்ட வேண்டும் என்று என் கண்ணிலேயே செய்து காட்டினேன். ஜன்னலை மூடுவதென்றால் தூசிக்காக மூடு, நரம்புக்காக வேண்டாம் என்றேன்.

"முழுசா சரியாயிடுமாக்கா?"

கட்டாயம் ஆகிவிடும் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பெரும்பாலானவர்களுக்கு நன்றாகவே சரியாகிவிடும், எனக்கு பத்தொன்பதாவது நாள் மூக்கோரம் லேசாகத் துடித்தது, முழுதாகத் திரும்ப நாலு மாதம் ஆனது, இன்னும் ஒரு சின்ன மிச்சம் இருக்கிறது, சிரித்தால் வலது கண் தானாகச் சுருங்கும், என்றேன்.

"சிரிங்களேன்" என்றாள்.

சிரித்தேன். என் கண்ணையே உற்றுப் பார்த்தவள், "இவ்வளவுதானா?" என்று கேட்டாள். என் கைப்பையில் இருந்த ஜூஸ் டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். ஸ்ட்ராவை நல்ல பக்கமாக வைத்துக்கொள், இந்தப் பக்க உதட்டை விரலால் சேர்த்துப் பிடி, பேசும்போதும் அப்படியே கன்னத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொள், ப வரும் ம வரும் என்று சொன்னேன். ஒரு சொட்டு சிந்தாமல் குடித்து முடித்தாள்.

மேலூர் தாண்டியதும் அவள் போன் அடித்தது. எடுக்கலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் துப்பட்டாவைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, ஒரு விரலால் கன்னத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள், "மேலூர் தாண்டிட்டேன்ப்பா."